தேம்ஸ் ஆற்றில் கயாக் பயணம்: லாக்குக்குள் போவதா, தூக்கிக்கொண்டு நடப்பதா?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் ரெடிங் நகரில் படிக்கிறாள். வருகிற ஜூலையில் அவளைப் பார்க்கப் போகிறேன். தேம்ஸ் ஆற்றில் லெச்லேட் என்ற ஊரிலிருந்து ரெடிங் வரை இரண்டு பேர் உட்காரும் கயாக்கில், கூடாரம், சாமான்களோடு போகலாம் என்கிறாள். வழியில் 24 லாக், அதாவது படகை மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறக்கும் கதவுத் தொட்டி, இருக்கிறதாம். லாக்குக்குள்ளேயே போய்விடலாம் என்று சிலரும், படகைக் கரையேற்றித் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று சிலரும் சொல்கிறார்கள். எனக்கு வயது 51. நீச்சல் தெரியும், ஒகேனக்கல் பரிசல் பழக்கம் உண்டு. லாக்கைப் பார்த்ததே இல்லை. எது சரி?
(வாசகர், பென்னாகரம்)

பதில்: என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாக்கை இயக்கும் பணியாளரான லாக் காவலர் பணியில் இருந்தால் அவரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். அவர் இல்லாவிட்டால் கரையேறி, கயாக்கைத் தூக்கிக்கொண்டு போங்கள். உங்களிடம் சொன்ன இரு தரப்பும் தப்பில்லை. 24 லாக்குக்கும் சேர்த்து ஒரே முடிவை வீட்டில் உட்கார்ந்து எடுப்பதுதான் தப்பு.

லாக்கைப் பார்த்ததில்லை என்கிறீர்கள். நம் காவிரியிலும் தென்பெண்ணையிலும் அது கிடையாது. மேட்டூர் அணைக்குள் வந்த பரிசல் அணையைத் தாண்டிக் கீழே போக வழி இல்லை. தேம்ஸ் அப்படியில்லை. ஆற்றை அங்கங்கே தடுப்பணை போட்டுப் படிக்கட்டாக ஆக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடுப்பணைக்கும் பக்கத்தில் சிறு வாய்க்கால் வெட்டி, அதில் இரண்டு முனையிலும் கதவு வைத்த ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள். அதுதான் லாக். மேல் கதவு வழியாகப் படகு உள்ளே வரும். கதவைச் சாத்தி, கீழ்ப்பக்க மதகைத் திறந்தால் தொட்டித் தண்ணீர் தானாக வடியும், படகும் கூடவே இறங்கும். மட்டம் சமமானதும் கீழ்க்கதவைத் திறந்து வெளியே போகலாம். பம்பு எதுவும் கிடையாது, எல்லாம் தண்ணீரின் எடையே செய்கிற வேலை. இப்படி இரு கதவு வைத்த லாக்கை சீனாவில் சியாவ் வெய்யூ என்ற அதிகாரி 984-ஆம் ஆண்டிலேயே கட்டிவிட்டார்.

அந்த எடையைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கதவின் ஒரு பக்கம் தண்ணீர் மூன்றரை மீட்டர் ஆழம், மறுபக்கம் ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். கதவின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் சுமார் 5 டன் அழுத்தம் விழும். மட்டம் சமமாகும் வரை எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் கதவு அசையாததற்கு இதுதான் காரணம். மதகைச் சட்டென்று முழுசாகத் திறந்தால் உள்ளே இருக்கும் சின்னப் படகு ஆட்டம் காண்பதற்கும் இதுதான் காரணம். காவலர் இருந்தால் போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். உள்ளே கயாக் இருப்பதைப் பார்த்தால் அவர் மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்.

கோடையில் காவலர்கள் காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வாக்கில் வரை இருப்பார்கள், நடுவில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் இடைவேளை. மற்ற நேரத்தில் படகுக்காரர்களே இயக்கிக்கொள்ளலாம். லெச்லேட்டை ஒட்டிய செயின்ட் ஜான்ஸ் லாக்கிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சற்று மேலே உள்ள கிங்ஸ் லாக் வரை எல்லாம் கையால் இயக்குபவை. சக்கரத்தைச் சுற்றி மதகைத் தூக்க வேண்டும், நீளமான மரத்தை முதுகால் தள்ளிக் கதவைத் திறக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவை மின்சாரத்தில் இயங்குபவை. ஒரு பெரிய படகு போகட்டும் என்று காத்திருந்து அதன் பின்னாலேயே நுழைவது வேறு. நீங்கள் இரண்டு பேர் மட்டும், ஒருவர் கரையில் மதகைத் திறக்க, ஒருவர் சாமான் நிறைந்த கயாக்கில் தனியாக உட்கார்ந்திருப்பது வேறு. இரண்டாவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கரையில் இருப்பவரின் கவனம் சக்கரத்தில் இருக்கும்போது கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் இருக்காது.

சரி, காவலர் கையசைத்து உள்ளே வரச் சொல்லிவிட்டார். மோட்டார் படகுகள் முதலில் நுழையட்டும், நீங்கள் கடைசியாகப் போங்கள். இரண்டு படகுகளுக்கு நடுவில் மட்டும் போய் நிற்காதீர்கள். பத்து டன் படகு அரையடி நகர்ந்தால் அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது, நடுவில் இருக்கும் கயாக்குக்கு அது தாங்காது. சுவரோரம் ஒட்டி நில்லுங்கள். சுவரில் சங்கிலி தொங்கும், அதை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இறங்க இறங்கக் கையை மாற்றி மாற்றிக் கீழே கொண்டுவாருங்கள். கயிறு போட்டுக் கட்டவே கூடாது. கட்டினால் தண்ணீர் இறங்கும், கயாக் இறங்காது. ஒரு பக்கமாகத் தொங்கிக் கவிழ்ந்துவிடும். சுவரில் பாசி வழவழவென்று இருக்கும், சங்கிலி சில்லென்று சேறு பிடித்திருக்கும். விரலைச் சுவருக்கும் கயாக்குக்கும் நடுவில் விடாதீர்கள். துடுப்பை மடியில் நீளவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், குறுக்கே வைத்தால் சுவரில் சிக்கும்.

இன்னொன்றை மகளிடமும் அழுத்திச் சொல்லுங்கள். மேல் கதவுக்கு உட்பக்கமாகத் தண்ணீருக்கு அடியில் ஒரு கல் திண்டு துருத்திக்கொண்டிருக்கும். தொட்டி நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் வடியும்போது கயாக்கின் வால் அதன் மேல் உட்கார்ந்தால் மூக்கு மட்டும் கீழே போகும், அவ்வளவுதான், கவிழ்ந்தது. அந்தத் திண்டு எங்கே முடிகிறது என்று பக்கச் சுவரில் கோடு போட்டுக் குறித்திருப்பார்கள். அந்தக் கோட்டைத் தாண்டி நன்றாக முன்னால் வந்து நில்லுங்கள். கடைசியாக நுழைகிறவர்களுக்குப் பின்னால்தான் திண்டு இருக்கும் என்பதால் இது உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். முன்னால் இடம் இல்லை என்றால் அடுத்த சுற்றுக்கு நில்லுங்கள்.

நீங்கள் போவது ஆற்றோட்டத்தோடு, கீழ்நோக்கி. அது நல்லது. கீழே இறங்கும் லாக்கில் தண்ணீர் அமைதியாக வடியும், கொந்தளிப்பெல்லாம் கதவுக்கு வெளியேதான். எதிர்த்திசையில் ஏறுகிறவர்களுக்குத்தான் மேல் மதகிலிருந்து பாயும் தண்ணீர் நேராக வந்து மோதும். கீழ்க்கதவு திறந்ததும் பெரிய படகுகளை முதலில் போகவிட்டு, அலை அடங்கிய பிறகு கிளம்புங்கள். ஒருவேளை உள்ளேயே கவிழ்ந்துவிட்டால் கயாக்கை விட்டுவிடுங்கள். சத்தம் போட்டுக்கொண்டே சுவரில் பதித்திருக்கும் ஏணிக்குப் போங்கள். காவலர் மதகை உடனே அடைப்பார்.

ஆனால் இந்தப் பயணத்தில் நான் உண்மையில் பயப்படுவது லாக்குக்கு அல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் தடுப்பணைக்கு. லாக் பக்கம் போக வேண்டியவர் மறதியாகத் தடுப்பணைப் பக்கம் போய்விட்டால், விளிம்பில் தண்ணீர் கண்ணாடிபோல வழுக்கிக்கொண்டு போவது மட்டும்தான் மேலிருந்து தெரியும். அடியில் தண்ணீர் உருண்டு திரும்பிவந்து விழுந்தவரை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கீழே சாண்ட்ஃபோர்டில் இப்படி மூழ்கிப்போன மாணவர்களுக்காக ஒரு நினைவுத்தூணே நிற்கிறது. எச்சரிக்கைப் பலகையும் மிதவை வரிசையும் கண்ணில் பட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு, லாக் இருக்கும் கரையை ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லாக்கும் எந்தக் கரையில் வருகிறது என்று முந்தின இரவே வரைபடத்தில் பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கயாக்கில் ஒட்டிவையுங்கள்.

ஒகேனக்கல்லில் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடுவதும், பரிசல் துறையில் அன்று யாரும் துடுப்பைத் தொடாததும் உங்களுக்குத் தெரியும். தேம்ஸிலும் அதே ஏற்பாடு உண்டு, கன அடிக்குப் பதிலாக நிறம். லாக்கில் மஞ்சள் பலகை இருந்தால் ஓட்டம் கூடிக்கொண்டிருக்கிறது அல்லது குறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள், எது என்று அதிலேயே எழுதியிருக்கும். சிவப்புப் பலகை இருந்தால் வேகம் அதிகம், மோட்டார் இல்லாத படகுகள் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று பொருள். ஜூலையில் சிவப்பு அபூர்வம்தான். அப்படி வந்துவிட்டால் அந்த ஊரிலேயே கூடாரம் போட்டுக் காத்திருங்கள். ரயிலுக்கு நேரமாகிறது, விமானத்துக்கு நேரமாகிறது என்று இறங்காதீர்கள். திரும்புகிற டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாளாவது சும்மா விட்டுவையுங்கள்.

இனி தூக்கிக்கொண்டு நடக்கும் கதை. இதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஈஸ்டர் சமயத்தில் டிவைசஸ் ஊரிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை 125 மைல் துடுப்புப் படகுப் போட்டி நடக்கிறது. 1948-இல் தொடங்கியது. அதில் 77 இடத்தில் படகைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், லாக் திறக்கக் காத்திருப்பதைவிட அதுதான் வேகம். ஒகேனக்கல்லில் அருவி வரும் இடத்தில் பரிசல் ஓட்டிகள் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறையில் நடப்பதைப் பார்த்தவர்தானே நீங்கள்! ஒரே வித்தியாசம், பரிசலை ஒரு ஆள் தூக்கிவிடலாம். இரண்டு பேர் கயாக் சாமான் இல்லாமலே 30 கிலோவுக்கு மேல் இருக்கும், சாமானோடு சேர்த்தால் 70-ஐத் தொடும்.

அதனால் சாமானோடு தூக்கவே கூடாது. கயாக்கின் உடம்புக்கும் அது கெடுதல், உங்கள் இடுப்புக்கும் கெடுதல். மடக்கி வைக்கக்கூடிய இரண்டு சக்கர வண்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் டயராகப் பாருங்கள், கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரம் புல்லிலும் சரளையிலும் நகராது. சாமானை நனையாத பைகளில் போட்டிருப்பீர்கள். ஊரிலிருந்து நான்கு பெரிய கட்டைப்பை எடுத்துப்போங்கள், ஜவுளிக்கடையில் கொடுப்பார்களே, அதேதான். கரையேறியதும் சின்னப் பைகளையெல்லாம் அதில் அள்ளிப் போட்டால் ஆளுக்கு இரண்டு கையில் இரண்டு, ஒரே நடையில் முடிந்துவிடும். இது இல்லாதவர்கள் ஒவ்வொரு லாக்கிலும் நான்கு நடை நடக்கிறார்கள்.

கரையேறும்போது முன்னால் இருப்பவர் முதலில் இறங்கட்டும், பின்னால் இருப்பவர் படித்துறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கயாக்கை ஆடாமல் வைத்திருக்க வேண்டும். கயாக்கில் எழுந்து நிற்காதீர்கள். விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, புட்டத்தைக் கரையில் வைத்து, அப்புறம் காலை எடுங்கள். படித்துறை உயரமாக இருந்தால் அவசரப்படாமல் கொஞ்சம் தள்ளித் தாழ்வான இடம் தேடுங்கள். இஃப்லி லாக்கில் சின்னப் படகுகளுக்காகவே உருளைகள் வைத்திருக்கிறார்கள், அதன் மேல் கயாக்கை உருட்டி அந்தப் பக்கம் இறக்கிவிடலாம். லாக்குக்குக் கீழே மறுபடி தண்ணீரில் இறங்கும்போது தடுப்பணைத் தண்ணீர் பக்கவாட்டில் வந்து சேரும். அங்கே தயங்கி நிற்காமல், ஓட்டம் போகும் திசைப் பக்கம் லேசாகச் சாய்ந்து, துடுப்பை நிறுத்தாமல் போட்டுக் கடந்துவிடுங்கள்.

நேரக் கணக்கு பார்ப்போம். தூரம் 110 கிலோமீட்டர் வாக்கில். மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் 22 மணி நேரம். உள்ளே போனாலும் தூக்கிப் போனாலும் லாக்குக்கு 20 நிமிடம் வையுங்கள், 24 லாக்குக்கு 8 மணி நேரம். மொத்தம் 30. நாளுக்கு 5 மணி நேரம் என்றால் 6 நாள். முதல் மூன்று நாள் ஆக்ஸ்ஃபோர்டு வரை ஊர் குறைவு, வயலும் மாடும்தான், அதை நிதானமாகப் போங்கள். ரஷி லாக் போன்ற சில இடங்களில் லாக்கை ஒட்டியே கூடாரம் போடலாம், முன்பதிவு வேண்டும்.

கிளம்பும் முன் பயிற்சி அவசியம். அதை ஒகேனக்கல்லில் செய்யாதீர்கள். அங்கே சுழலும் உண்டு, முதலையும் உண்டு. நீச்சல் குளத்தில் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு கவிழ்ந்து, வெளியே வந்து, மறுபடி ஏறிப் பழகுங்கள். தேம்ஸ் தண்ணீர் கோடையிலும் நம் ஆற்றைவிடக் குளிர்ச்சி, விழுந்ததும் மூச்சு வாங்கும். கை காலில் காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி போடுங்கள், ஆற்றுத் தண்ணீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம்.

அப்புறம் உரிமம். தேம்ஸின் இந்தப் பகுதியில் கயாக்குக்கும் உரிமம் வேண்டும், சுற்றுச்சூழல் முகமைதான் பொறுப்பு. பேடில் யுகே அமைப்பில் உறுப்பினரானால் அதிலேயே உரிமம் அடங்கிவிடும். நீங்களும் மகளும் இரண்டு பேருமே சேர்ந்துவிடுவது சிக்கல் இல்லாத வழி. கயாக்கை வாடகைக்கு எடுத்தால் உரிமம் அதில் சேர்ந்திருக்கிறதா, லாக்குக்குள் போக அவர்கள் அனுமதிக்கிறார்களா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிலர் அனுமதிப்பதில்லை. அப்படியானால் 24 இடத்திலும் தூக்கித்தான் போக வேண்டும், சக்கர வண்டியை அவர்களே தருவார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.