அப்பத்தா ஆறு பெத்தாங்க, எனக்கு ரெண்டுக்கே முடியலையே?

கேள்வி: எனக்கு 31 வயது. கோவையில் இருக்கிறோம். மூத்தவன் எல்.கே.ஜி., சின்னவளுக்கு நாலு மாதம். பிரசவ விடுப்பில் இருக்கிறேன். மாமனார், மாமியார் ஊரில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். கணவரின் அப்பத்தா (வயது 87) எங்களோடு இருக்கிறார். பாசமான மனுஷிதான், ஆனால் நான் கொஞ்சம் உட்கார்ந்தால் போதும், "நானெல்லாம் ஆறு பெத்து, தோட்டத்து வேலைக்கும் போயிட்டு வந்து களி கிண்டிப் போட்டேன். உனக்கு மெசினு தொவைக்குது, மெசினு அரைக்குது, ரெண்டுக்கே மூச்சு வாங்குதா அம்மிணி?" என்கிறார். கணவரும் சிரித்துக்கொண்டே "அதானே" என்கிறார். சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. அந்தக் காலத்துப் பெண்களுக்கு மட்டும் எப்படி முடிந்தது? நான்தான் சோம்பேறியா? இன்னொன்று, பாப்பாவுக்கு உரமருந்து உரசிக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: அப்பத்தா சொல்வதில் பொய் எதுவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் பட்ட பாடு உண்மை. எனக்குக் கோபம் வருவது அந்த "அதானே" மேல்தான், ஏனென்றால் அப்பத்தாவாவது பட்டதைச் சொல்கிறார், உங்கள் கணவர் எதைப் பார்த்துச் சொல்கிறார்?

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்பத்தாவுக்கு இப்போது 87 என்றால் முதல் குழந்தை 1950-களின் நடுவில் பிறந்திருக்கும். கொங்கு நாட்டில் ஒரு தோட்டத்து வீடு, பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிடுகிற குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அங்கே தினச் சாப்பாடு கம்பு, சோளம், ராகிதான், நெல்லுச்சோறு நோன்பு நொடிக்கு அல்லது விருந்தாளி வந்தால். அந்தக் கம்பை அப்படியே அடுப்பில் போட முடியாது. தண்ணீர் தெளித்து, உரலில் போட்டு, உமி கழலும்வரை இடித்து, புடைத்து, மறுபடியும் இடித்து, அதற்குப் பிறகுதான் உலை. இடிக்கும்போது கவனித்தீர்களானால் (நான் சின்ன வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன்) பெரும்பாலும் ஒரே உரலில் ரெண்டு பேர் நிற்பார்கள், ஒருத்தி உலக்கை மேலே போகும்போது இன்னொருத்தி உலக்கை கீழே இறங்கும், தாளம் தப்பினால் உலக்கையும் உலக்கையும் மோதிக்கொள்ளும். அந்த வேலையின் அமைப்பே ரெண்டு ஆளுக்கானது. ராகி திரிக்கும் கல்லிலும் எதிரெதிரே ரெண்டு பேர் உட்கார்ந்து ஒரே பிடியைச் சுற்றுவார்கள்.

உங்கள் வீட்டில் அந்த இன்னொரு உலக்கையைப் பிடிப்பது யார்? மெஷின் என்று அப்பத்தா சொல்வார். மெஷின் துவைக்கும், ஆனால் பாப்பா அழுதால் தூக்காது, துணியை எடுத்துக் காயப்போடாது, மூத்தவனுக்கு ஒரு வாய் ஊட்டாது. அப்பத்தா உரல்முன் நின்றபோது மாமியார் இருந்தார், ஓரகத்தி இருந்தாள், கட்டிக்கொடுக்காத நாத்தனார் இருந்தாள், பல வீடுகளில் சின்ன வயதிலேயே தாலியறுத்து வந்து உட்கார்ந்த ஒரு அத்தை கூலியே இல்லாமல் வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் பச்சை உடம்பு தேறி, பிள்ளைக்குத் தலை நின்ற பிறகுதான் திரும்பி வருவாள். அதற்குள் பத்தியச் சமையல், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது, சாம்பிராணி போடுவது எல்லாம் வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள். இதெல்லாம் அப்பத்தாவின் கதையில் ஏன் வருவதில்லை என்றால், அவருக்கு அது உதவியாகவே தெரிந்திருக்காது. வீடு என்றால் அப்படித்தான் இருக்கும்.

கைகள் இருந்தன என்பதற்காக அது பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் கைகளில் ஒரு ஜோடி யாருடையது தெரியுமா? மூத்த பெண்ணுடையது. எட்டு ஒன்பது வயதுக் குழந்தை, இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு, அந்தக் கனத்துக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கும். அம்மா காட்டில் களை வெட்டும்போது வேப்பமரக் கிளையில் கட்டிய தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாது, போனாலும் அஞ்சாவதோடு நிற்கும். 1951 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. அம்மாக்கள் சமாளித்ததற்குப் பெண் குழந்தைகள் கொடுத்த விலை அது. உங்கள் வீட்டில் அந்த விலையைக் கொடுக்க யாரும் இல்லை, இருக்கவும் வேண்டாம்.

ஆறு பெற்றது பெரிய சாதனை என்று அவர் நினைக்கிறாரே, அன்றைக்கு நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியே ஆறு குழந்தைதான். நிறுத்திக்கொள்ள வழி இல்லை. அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை ஆரம்பித்ததே 1952-ல், அது கிராமத்துக்கு வந்து சேர்ந்தது எப்போதோ. அரசுக் கணக்குப்படி 1951-ல் ஆயிரம் குழந்தை பிறந்தால் 146 குழந்தை முதல் பிறந்தநாளுக்கு முன்பே போய்விடும். இன்றைக்கு அந்த எண் 30-க்கும் கீழே. ஆகவே அப்பத்தா "ஆறு" என்று சொல்லும்போது, பெற்றது ஆறா, நின்றது ஆறா என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். சண்டைக்காகக் கேட்காதீர்கள். சாயந்தரம் பாப்பாவை அவர் மடியில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பேசாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தத் தலைமுறையில் நான் பேசிப்பார்த்த பாட்டிகளில் பலபேருக்கு, யாரிடமும் பேர் சொல்லாத ஒரு குழந்தை இருந்தது.

மெஷின் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும், ஊர்ப்பெருமையும் சேர்ந்தே வருகிறது. மாவாட்டும் கிரைண்டர் 1950-களின் நடுவில் உங்கள் கோயம்புத்தூரில் பிறந்ததுதான். பைக்காரா மின்சாரம் அதற்கும் முன்பே, 1930-களிலேயே வந்துவிட்டது. வந்து எங்கே போனது? மில்லுக்குப் போனது, கிணற்று மோட்டாருக்குப் போனது. அடுப்பங்கரையில் மட்டும் பருத்திமாரும் வறட்டியும் புகைந்துகொண்டிருந்தது, சீமெண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெண்களின் வேலைக்கு மெஷின் கடைசியாகத்தான் வந்தது, அதையும் இப்போது சொல்லிக் காட்டுகிறார்கள்!

அப்புறம் அன்றைக்கு இல்லாத வேலைகளையும் கணக்கில் சேருங்கள். இட்லி தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். காலையில் பழையதோ கூழோ, தொட்டுக்கொள்ள ஒரு பச்சை வெங்காயம், முடிந்தது. காலையில் ஒரு டிபன், மூத்தவன் டப்பாவுக்கு ஒன்று, மத்தியானம் சாதம் குழம்பு பொரியல், ராத்திரி இவருக்குச் சப்பாத்தி அவருக்குத் தோசை என்று அப்பத்தா செய்ததே கிடையாது. பையன் எல்.கே.ஜி.யில் என்ன எழுதினான் என்று மிஸ் அவருக்கு மெசேஜ் அனுப்பியதும் கிடையாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வாத்தியார் பாடு என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் உங்கள் காலத்து அம்மாவாகவும் இருக்க வேண்டும், அப்பத்தா காலத்து அம்மாவாகவும் இருக்க வேண்டும் என்று ஒரே ஆளிடம் கேட்பது அநியாயம். சோம்பேறியா என்று கேட்டீர்களே, நாலு மாதக் குழந்தையை வைத்திருக்கிற எந்தச் சோம்பேறியையும் நான் பார்த்ததில்லை.

இனி என்ன செய்யலாம்? அப்பத்தாவிடம் வாதாட வேண்டாம், 87 வயதில் அவர் மாறப்போவதில்லை, மாறவும் தேவையில்லை. பேச வேண்டியது கணவரிடம். "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் ஒரு வாரம் நடக்கும். அதனால் வேலையைப் பேர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். மூத்தவனை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது முழுக்க அவர் பொறுப்பு, டப்பாவில் என்ன வைப்பது என்று யோசிப்பதும் சேர்த்து. ராத்திரி பால் கொடுத்து முடித்ததும் ஏப்பம் விடவைத்துத் தூங்கவைப்பது அவர் வேலை. ராத்திரிச் சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றே. அரிசிம்பருப்புச் சாதம் போதும், அப்பத்தாவும் ஆசையாகச் சாப்பிடுவார். உங்களுக்குச் சட்டப்படி 26 வாரம் விடுப்பு, அது வீட்டு வேலைக்காகக் கொடுத்த லீவு இல்லை, உடம்பு தேறவும் பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் கொடுத்தது. 1955-ல் தோட்டத்து வேலைக்குப் போன பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை என்பது அவருக்கு நடந்த அநியாயம், உங்களுக்கும் அது நடந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

காரணமில்லாத அழுகை பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதுதான் முக்கியமாகப் படுகிறது. பாப்பா தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, குழந்தையைப் பார்த்தால் பயமாகவோ வெறுப்பாகவோ இருக்கிறது, இது ரெண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் உங்களுக்குப் பிரசவம் பார்த்த டாக்டரிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு நிறையப் பேருக்கு வருவது, மருத்துவம் உண்டு, பாலூட்டும்போது எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. உடனே யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

உரமருந்து வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான், டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து தவிர வசம்பு, மாசிக்காய், கிரைப் வாட்டர், தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் தேவையில்லை. விளக்கெண்ணெய் புகட்டுவது, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது, கண்ணுக்கு மை இதெல்லாமும் கூடாது. உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பது, தாலாட்டு, மடியில் போட்டுக் கதை சொல்வது எல்லாம் அப்பத்தா இஷ்டம்போல் செய்யட்டும். ஆனால் இந்த "வேண்டாம்" என்பதை அவரிடம் நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள், பேரன் சொல்லட்டும். அவர்தான் "அதானே" சொன்னவர்.