கேள்வி – பதில்: முளைக்காத பெருக்க மர விதை

கேள்வி: மன்னாரில் எடுத்த பெருக்க மரக்காயின் விதைகளை ஊன்றி இரண்டு மாதமாகிறது. ஒன்றுகூட முளைக்கவில்லை. இது நம் மண்ணின் மரம்தானே?

பதில்: இல்லை. தமிழ்நாட்டில் ஆனைப்புளி, பப்பரப்புளி என்கிறோமே, அதே மரம்தான். தாயகம் ஆப்பிரிக்கா. சகாராவுக்குத் தெற்கே செனகலிலிருந்து சூடான் வரையிலும், கிழக்குப் பக்கமாகத் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ வரையிலும் உள்ள வறண்ட சவன்னாவில் (ஆங்காங்கே மரங்கள் நிற்கும் புல்வெளி) தானாக வளர்கிறது. காங்கோவின் ஈரக்காட்டில் வளராது. இங்கே அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள்.

விதை கெட்டுப்போயிருக்காது, தோல்தான் கெட்டி, தண்ணீர் உள்ளே போவதில்லை. ஒட்டியிருக்கும் புளிப்புச் சதையைக் கழுவிவிட்டு, காம்புத் தழும்பு (விதை காயோடு ஒட்டியிருந்த இடம்) இல்லாத பக்கத்தை உப்புக் காகிதத்தில் தேயுங்கள். கறுப்புத் தோலுக்கு அடியில் வெளுப்பு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு 24 மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். உப்பியவை மட்டும் ஊன்றத் தகுந்தவை, உப்பாதவற்றை மறுபடி தேய்க்கலாம். இரண்டு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு செம்மண், 2 செ.மீ. ஆழம் போதும்.

முளைத்த பிறகு சாவது பெரும்பாலும் அதிக நீரால். நாற்றின் அடிவேர் முள்ளங்கி போலப் பருத்து நீரைச் சேமிக்கும். ஈரம் தேங்கினால் அழுகிவிடும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். இலை உதிர்ந்த காலத்தில் ஊற்றவே வேண்டாம்.

நாற்றில் முதலில் பிரிவில்லாத சாதாரண இலைகள்தான் வரும். கைவிரல் போலப் பிரிந்த இலையை எதிர்பார்த்து, களை என்று பிடுங்கிவிடுகிறவர்கள் உண்டு!