சி டிரைவில் பேஜ்ஃபைல் 6 ஜிபி பிடித்திருக்கிறது, அழித்துவிடலாமா?

கேட்டவரிடம் 4 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் கணினி. சி டிரைவ் நிரம்பிவிட்டதாம். ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் கைகொடுக்க வைத்திருக்கும் பேஜ்ஃபைல்.சிஸ் என்ற கோப்பைத் தூக்கிவிடலாமா என்கிறார்.

வேண்டாம். நான் தூக்கிப் பார்த்துப் பட்டவன்.

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். அப்போது என்னிடமும் இதே 4 ஜிபிதான். யாரோ சொன்னதைக் கேட்டு பேஜ்ஃபைலை நிறுத்தினேன். இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் ஓர் அக்கா, மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட வந்தார். குரோமில் பதினைந்து டேப், பக்கத்தில் எக்செல், படத்தை 50 கேபிக்குக் குறைக்க போட்டோஷாப். மெமரி போதவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. விண்ணப்பம் இருந்த டேப் செத்துப்போனது. "தம்பி, மறுபடியும் முதல்ல இருந்தா?" என்றார். அன்றைக்கு அவரிடம் காசு வாங்க மனசு வரவில்லை.

இத்தனைக்கும் ரேமில் கொஞ்சம் காலி இருந்தது. புரோகிராம் இடம் கேட்டதும் விண்டோஸ் 'தருகிறேன்' என்று வாக்குக் கொடுக்கிறது. அந்த இடத்தை புரோகிராம் உடனே தொடுகிறதா என்பது வேறு கதை. கொடுத்த வாக்கெல்லாம் சேர்ந்து, ரேமும் பேஜ்ஃபைலும் கூட்டிய அளவைத் தாண்டக்கூடாது. பேஜ்ஃபைல் போனால் வாக்குக் கொடுக்கும் தெம்பும் போச்சு. டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் திறந்தால் 'கமிட்டட்' என்று காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

மற்றபடி பேஜ்ஃபைலின் வேலை எளிது. நினைவகம் 4 கேபி பக்கங்களாகப் பிரிந்திருக்கும். ரேம் நெருக்கினால், வெகுநேரம் தொடாத பக்கங்களை டிஸ்கில் எழுதிவைத்து, கேட்கும்போது திரும்பக் கொண்டுவரும். 1962-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டரின் அட்லஸ் கணினி, டிஸ்குக்குப் பதில் காந்த உருளையை வைத்துச் செய்த வேலைதான் இது.

ஆனால் இதை ரேமுக்கு மாற்று என்று நினைத்துவிடாதீர்கள். ரேமிலிருந்து எடுக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டி என்கிற புதுவகை வேக டிஸ்கிலிருந்து எடுப்பது மண்டபத்திலிருந்து பைக்கில் பாலம் ஏறி, பாம்பன் போய்த் திரும்புவது மாதிரி. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு நாளுக்கும் மேல். ரயிலேறி சென்னைக்குப் போய்வர வேண்டியதுதான். டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்து, உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டு, மவுஸ் அம்பு நகர மறுத்தால், கணினி பக்கங்களை மாற்றி மாற்றித் தூக்குவதிலேயே நேரத்தைத் தொலைக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து இன்னொரு 4 ஜிபி ரேம். (ஏற்கெனவே இருக்கும் ரேமை ஒரு தடவை கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டுங்கள். எங்கள் உப்புக்காற்றில் பாதி ரிப்பேர் அதோடு முடிந்துவிடும்.)

சரி, இடம்தானே வேண்டும்? பேஜ்ஃபைல் அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிட்டு, ஹைபர்னேட்டை, அதாவது ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு அணையும் வசதியை, நிறுத்துங்கள். அதன் கோப்பு பெரும்பாலும் ரேமில் 40 சதவீத அளவு இருக்கும். உங்களுக்கு ஒன்றரை ஜிபி மிஞ்சும். கணினி திறக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். அப்புறம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். என் கடையில் அதில் மட்டும் 11 ஜிபி கிடந்தது, எல்லாம் ஆதார் பிடிஎஃப்.