சின்தசைசர் உருவானதில் இசைக்கலைஞருக்கு என்ன பங்கு?

யாழ்ப்பாணத்தில் கீபோர்ட் பழகும் மாணவர் ஒருவர், மின்சுற்றுகளால் ஒலியை உண்டாக்கும் இசைக்கருவியான சின்தசைசரை ஆக்கியவர் பொறியியலாளர்தானே, அதில் இசைக்கலைஞருக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். அவர்களுக்குப் பெரும்பங்கு இருந்தது என்பதே என் பதில்.

1964இல் நியூயோர்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பேர்க்கில் இருந்த சின்தசைசரை உருவாக்கிய பொறியியலாளர் றொபேர்ட் மோக்கின் பட்டறைக்குச் சென்ற இசையமைப்பாளர் ஹேர்பேர்ட் டொய்ச், தமக்கு வேண்டிய ஒலிகளை விவரிக்க, மோக் அவற்றுக்கான மின்சுற்றுகளை அமைத்தார். மின்னழுத்தம் ஒரு வோல்ற் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். இது மோக்கின் கருவிகளின் அடிப்படை. ஆனால் சுற்றிலிருந்து வரும் ஒலி, நமது சுருதிப்பெட்டியின் நாதத்தைப் போல, ஏற்ற இறக்கமின்றி நீண்டுகொண்டே இருக்கும். ஒரு சுரம் எப்படிப் பிறந்து எப்படி அடங்க வேண்டும் என்பது வாசிப்பவரின் கவலை. அதை டொய்ச் எடுத்துச் சொன்னதனால்தான் ஒலியின் எழுச்சியையும் தணிவையும் ஆளும் என்வலப் சுற்று உருவாயிற்று. விசைப்பலகை இருப்பது நல்லது என்றவரும் அவரே.

பின்னர் இசைக்கலைஞர் வென்டி கார்லோஸ் கேட்டதற்கிணங்க, விரலின் தொடுகையை உணரும் விசைப்பலகையையும் மோக் செய்துகொடுத்தார். ஜேர்மன் இசையமைப்பாளர் பாக்கின் படைப்புகளைச் சின்தசைசரில் வாசித்து 1968இல் கார்லோஸ் வெளியிட்ட இசைத்தட்டு இக்கருவியை உலகறியச் செய்தது.

நமக்கு மிக நெருக்கமானது 1970இல் வந்த மினிமோக் என்ற மோக்கின் சிறிய சின்தசைசரில், சுருதியை வளைக்க உதவும் இடப்பக்கச் சக்கரம் என்று நான் கருதுகிறேன். ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையில் வழுக்கிச் செல்ல வழியில்லை. நாதஸ்வரக்காரரின் கமகத்தை விசைப்பலகையில் ஓரளவேனும் தொட முயல்பவருக்கு அந்தச் சக்கரமே துணை.