எண்ணெயைக் குறைத்தும் ஃபேட்டி லிவர் ஏன்?

கேள்வி: எனக்கு வயது 41, எடை 70 கிலோ. மதுப் பழக்கம் கிடையாது, எண்ணெய்ப் பலகாரமும் தொடுவதில்லை. ஆனாலும் ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று வந்திருக்கிறது. எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நார்மல்தான். காலையும் மாலையும் பிஸ்கட், ஹெல்த் டிரிங்க். இன்னும் எதைத்தான் குறைப்பது?
வாசகர், ஈரோடு

பதில்: அந்தப் பிஸ்கட்டையும் ஹெல்த் டிரிங்கையும்தான். கல்லீரலில் சேரும் கொழுப்பு எண்ணெயிலிருந்து மட்டும் வருவதில்லை. நாம் போடும் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ் என்ற இனிப்புச் சத்து. அதில் பெரும்பகுதியைக் கல்லீரல்தான் சமாளிக்க வேண்டும்; அளவு மீறினால் கொழுப்பாக மாற்றித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது.

பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் மைதா, சர்க்கரை, பாமாயில் என்றுதான் தொடங்கும். பின்னாலேயே இன்வெர்ட் சிரப் (இதுவும் சர்க்கரைப் பாகுதான்), எமல்சிஃபையர் (எண்ணெயும் நீரும் பிரியாமல் கலக்க வைக்கும் பொருள்) 322, 471 என்று போகும். 100 கிராமுக்குச் சர்க்கரை 25 கிராம் என்று இருந்தால், 60 கிராம் பாக்கெட்டில் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன். நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஹெல்த் டிரிங்க் பவுடரில் ‘மால்டோடெக்ஸ்ட்ரின்’ (மாவுச்சத்தை உடைத்துத் தயாரிக்கும் பவுடர்) இருக்கிறதா என்று பாருங்கள். ‘சர்க்கரை’ என்ற வரிக் கணக்கில் அது வராது. ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸ் போலவே விறுவிறுவென ஏறும். பலரும் ஏமாறுவது இங்கேதான். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் என்று மாற்றிக்கொள்வதாலும் பயனில்லை, கல்லீரலுக்கு எல்லாம் ஒன்றே. பவுடர் கலக்காத பால், ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது ஒரு கைப்பிடி வறுத்த கடலை போதும்.

உங்கள் எடையில் 5 கிலோ குறைந்தாலே கொழுப்பு நன்றாகக் கரையும். வாரத்துக்கு அரைக் கிலோ போதும். பட்டினி கிடந்து மளமளவென இளைத்தால் கல்லீரல் வீக்கம் கூடக்கூடும்.

எஸ்ஜிபிடி நார்மல் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று ‘ஃபிப்-4’ என்ற எளிய கணக்கில் பாருங்கள். வயதை எஸ்ஜிஓடியால் (இதுவும் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை அளவு) பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து (2.5 லட்சம் என்றால் 250), எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். உங்கள் வயது 41-க்கு, பிளேட்லெட் 250, எஸ்ஜிஓடி 30, எஸ்ஜிபிடி 36 என்றால் 1230-ஐ 1500-ஆல் வகுக்க, 0.82 வரும். 1.3-க்குக் கீழே இருந்தால் தழும்புக்கு வாய்ப்பு குறைவு. மேலே போனால் மருத்துவரிடம் கேட்டு ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன்) எடுங்கள். குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்கள். சாப்பிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும்.