அயர்லாந்தின் கிராமத்துச் சம்பந்தம்: கேள்வி பதில்

கேள்வி: லிஸ்டூன்வார்னா திருவிழாதானே பழைய ஐரிஷ் வரன் தேடும் முறை?

பதில்: கிளேர் மாவட்டத்து அந்த ஊரில் செப்டம்பரில் நடக்கும் ஆட்டபாட்டத்தை வைத்துப் பழைய முறையை அளக்காதீர்கள். அன்று பேச்சு முழுவதும் நிலத்தைப் பற்றியது.

கேள்வி: அந்தப் பேச்சு எப்படி நடந்தது?

பதில்: 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்துக்குப் பின், பண்ணையைப் பங்கு போடாமல் ஒரே மகனிடம் ஒப்படைக்கும் வழக்கம் வலுத்ததால், அவனுக்கு வரும் மருமகள் எவ்வளவு கொண்டுவருவாள் என்பது வீட்டில் எல்லோருடைய பிழைப்பையும் தொட்டது. தரகர் தூது போவார்; தொகையைப் பற்றிய இழுபறி பெரும்பாலும் மதுக்கடையில் நடக்கும். பிறகு பெண் வீட்டார் பண்ணைக்கே வந்து மண், வேலி, மாடு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அந்த ஒரு நாளுக்காக அண்டை வீட்டு மாடுகளை இரவல் வாங்கி மேயவிட்ட மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிக் கதைகள் உண்டு. கடைசியில் வழக்கறிஞர் முன்னிலையில் பத்திரம் எழுதப்படும். முதியவர்களுக்கு ஓர் அறை, ஒரு பசுவுக்கு மேய்ச்சல், உருளைக்கிழங்கு, தேவாலயத்தில் திருப்பலி வழிபாட்டுக்குப் போக வண்டியில் இடம் என்பது வரை அதில் இடம்பெறும்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் வரதட்சணை என்று சொல்லுங்களேன்.

பதில்: சொல்லலாம், ஆனால் பணம் எங்கே போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது மாப்பிள்ளையின் தந்தையிடம் போகும். அவர் அதைக் கொண்டு தம் மகளைக் கட்டிக்கொடுப்பார், அல்லது இன்னொரு பிள்ளையை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றுவார்.

கேள்வி: எங்கே போனால் என்ன? விலை பேசப்பட்டவள் பெண்தானே?

பதில்: கணக்கைச் சொன்னேனே தவிர, அதற்கு நியாயம் கற்பிக்கவில்லை. 1930களில் கிளேரில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர்கள் ஆரன்ஸ்பர்க்கும் கிம்பாலும், பிள்ளைப்பேறு இல்லாத மனைவியைப் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிய வழக்கத்தையும் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் கோபத்துக்கு அதுவே பொருத்தமான இடம். ஆயினும் நிலம் கிடைக்காத தம்பிமாரையும், சீதனம் திரளாததால் ஊரைவிட்டுப் போன தங்கைமாரையும் விட்டுவிட்டால் பாதிக் கதைதான் தெரியும்.

கேள்வி: கிளாடா என்ற ஐரிஷ் காதல் மோதிரத்தை எந்த விரலில் அணிவது?

பதில்: நகைக்கடைக்காரரைக் கேளுங்கள்.

கேள்வி: லிஸ்டூன்வார்னாவில் இன்றும் தரகர்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: திருமணத்துக்கு உகந்த காலம் எது?

பதில்: அந்நாளில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் திருமணம் இல்லையென்பதால், அது தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை வரை கோயில்களில் நெரிசல்தான். அதையும் தவறவிட்டவர்களை ஊர் சும்மா விடாது. தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று அவர்கள் முதுகில் சுண்ணக்கட்டியால் கோடு கிழிப்பார்கள். கார்க், கெர்ரி பகுதிகளிலோ, ஸ்கெலிக் தீவில் தவக்காலம் தாமதமாகத் தொடங்கும் என்ற நம்பிக்கையைச் சாக்காக வைத்து, பொருந்தாத ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்த்து, அவர்கள் தீவுக்குக் கல்யாணப் பயணம் புறப்பட்டுவிட்டதாக நையாண்டிப் பாட்டு கட்டுவார்கள்.