எஸ்பிரஸோ கிரைண்டருக்குப் புது பர் வாங்குவதற்கு முன்

கேள்வி: வீட்டில் காபிக் கொட்டை அரைக்கும் டிஎஃப்64 கிரைண்டர் வைத்திருக்கிறேன். வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. தினமும் இரண்டு ஷாட் எஸ்பிரஸோ, டார்க் ரோஸ்ட், பால் சேர்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லைட் ரோஸ்ட், பால் இல்லாமல். அரைக்கும் பருமனை மாற்றும் டயலைத் தொடாமலே வைத்திருந்தாலும் ஷாட் ஒரு நாள் 22 விநாடியில் இறங்கிவிடுகிறது, இன்னொரு நாள் 35 விநாடி இழுக்கிறது. பர், அதாவது கொட்டையை அரைக்கும் பல் வைத்த உலோக வட்டு, தேய்ந்துவிட்டதா? எஸ்எஸ்பி கம்பெனி பர் போட்டால் சரியாகுமா?

பதில்: தேய்ந்திருக்க வாய்ப்பில்லை. ஷாட்டுக்கு 18 கிராம் என்று வைத்தால் நாளைக்கு 36 கிராம், வருடத்துக்கு 13 கிலோ. இரண்டு வருடத்தில் 26 கிலோதான் அரைத்திருப்பீர்கள். 64 மி.மீ. எஃகு பர் மழுங்கச் சில நூறு கிலோ ஆகும். சந்தேகமாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் பரைக் கழற்றி, வெளிவட்டப் பல்லின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டிக்கொண்டு மெல்லிய வெள்ளைத் துருவல் உதிர்ந்தால் கூர் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால்தான் கவலை.

ஷாட் நேரம் ஏறி இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கொட்டையிலும் கையிலும்தான் இருக்கும். வறுத்த கொட்டை நாளாக ஆக வாயுவை இழக்கும். முதல் வாரம் சரியாக இருந்த அளவு மூன்றாவது வாரம் வேகமாக இறங்கும். இன்னும் பொடிசாக அரைக்க வேண்டும். போதாததற்கு ஞாயிறு லைட் ரோஸ்டுக்காக டயலை நகர்த்தினால் திங்கட்கிழமை அது பழைய இடத்துக்கே வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உள்ளே தங்கிய ஞாயிற்றுக்கிழமைத் தூளும் திங்கள் ஷாட்டில் கொஞ்சம் கலக்கும். கொட்டை மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குலுக்கி அரைத்தால் தூள் உள்ளே ஒட்டுவது நன்றாகக் குறையும். இது காசில்லாத வைத்தியம்.

அடுத்தது, இருக்கிற பர் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த விலைக் கிரைண்டர்களில் பெரும்பாலும் கோளாறு இங்கேதான் இருக்கும். மேல் பரும் கீழ் பரும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் பொடிசாகவும் மறுபக்கம் பருமனாகவும் அரைபடும். ஒரே ஷாட்டில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுவேன்.

சோதிக்க வொயிட்போர்டு மார்க்கர் போதும். இரண்டு பர்களையும் கழற்றுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று ஸ்க்ரூ பிடித்திருக்கும். பரின் முதுகையும் அது உட்காரும் தளத்தையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். அங்கே இறுகிப்போன ஒரு துளி காபித் தூள் இருந்தால்கூட பர் சாய்ந்துவிடும். தண்ணீர் வேண்டாம், துரு ஏறும். திரும்பப் பூட்டும்போது ஒரு ஸ்க்ரூவை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். மூன்றையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு ஒரு பரின் வெளிவட்டத்தில் மார்க்கரைப் பூசி மூடி, பிளக் போடாமல், கீழ் பரைக் கையால் சுற்றிக்கொண்டே இரண்டும் லேசாக உரசும்வரை டயலை நெருக்குங்கள். திறந்து பார்த்தால் மை வட்டம் முழுக்க ஒரே மாதிரி அழிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழிந்து மறுபக்கம் அப்படியே இருந்தால், மை மிச்சமிருக்கும் பக்கம் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்து ஸ்க்ரூவுக்கு அருகில், பருக்கு அடியில், சமையலறை அலுமினியத் தாளில் சிறு துண்டு வெட்டி வைத்து மறுபடி சோதியுங்கள். அந்தத் தாளின் கனம் சுமார் 0.01 முதல் 0.02 மி.மீ. அவ்வளவு சின்ன உயர்வே இங்கே கணக்கில் வரும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஆகாது, சொல்லிவிடுகிறேன்.

சரி, எஸ்எஸ்பி. கொரியக் கம்பெனி, வேலைப்பாடு நிஜமாகவே சுத்தம். ஆனால் 64 மி.மீ. ஜோடி ஒன்று சுமார் 200 டாலர், அதற்கு மேல் சுங்கவரி. அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும் என்பது நீங்கள் எதைக் குடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

வழக்கமான எஸ்பிரஸோ பர், பருமனான துகளோடு மாவு போன்ற நுண்துகளையும் நிறையத் தரும். அந்த நுண்துகள்தான் தண்ணீரைத் தடுத்து நிறுத்தி, காபிக்குக் கெட்டித்தன்மையைக் கொடுக்கிறது. எஸ்எஸ்பியின் மல்ட்டிபர்ப்பஸ் என்ற வகை பர் அதைக் குறைக்கும். லைட் ரோஸ்டில் பழ வாசனையும் புளிப்பும் தனித்தனியாகத் தெரியும், ஆனால் காபி மெலிந்துபோகும். டார்க் ரோஸ்டில் அதே பரைப் போட்டுப் பால் ஊற்றினால் காபி பாலுக்குள் காணாமல் போய்விடும். வாரத்தில் ஆறு நாள் பால் காபி குடிப்பவருக்கு மல்ட்டிபர்ப்பஸை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஹை யூனிஃபார்மிட்டி வகையைப் பாருங்கள். அது எஸ்பிரஸோவுக்கு ஒத்துவரும், கெட்டித்தன்மையை அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்காது. ஞாயிற்றுக்கிழமை லைட் ரோஸ்டுக்கு மட்டும் ஆசை என்றால், கையால் சுற்றும் நல்ல கிரைண்டர் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். டயலை நகர்த்தும் தொல்லையும் போகும்.

வாங்குவதாக இருந்தால் 64 மி.மீ. என்ற எண்ணை மட்டும் நம்பி ஆர்டர் போடாதீர்கள். ஸ்க்ரூ ஓட்டைகளின் இடம், பரின் கனம், மோட்டார் சுற்றும் திசை மூன்றும் பொருந்த வேண்டும். உங்கள் மாடலின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

புது பர் போட்டதும் பழைய டயல் எண்களை மறந்துவிடுங்கள். பர்கள் உரசத் தொடங்கும் இடத்தைப் புதிதாகக் கண்டுபிடித்து அங்கிருந்து பின்னால் வர வேண்டும். மல்ட்டிபர்ப்பஸ் என்றால் பழைய எண்ணில் ஷாட் குழாயைத் திறந்த மாதிரி கொட்டும். முதல் இரண்டு மூன்று கிலோவரை சுவையும் நிலையாக இருக்காது. கொத்திய அம்மியில் முதலில் அரைத்ததைக் கொட்டிவிடுவோமே, அதே கதைதான்; விலை மலிந்த பழைய கொட்டையை வாங்கி அரைத்துத் தள்ளுங்கள். பச்சரிசி போட்டு அரைக்கச் சொல்லும் யோசனை உங்கள் காதுக்கும் வரும். அரிசி காபிக் கொட்டையைவிடக் கடினம், மோட்டார் திணறும். வேண்டாம்.

கழற்றிய பழைய பரையும் அதன் ஸ்க்ரூக்களையும் தூக்கிப் போடாதீர்கள். புது ருசி பிடிக்காமல் போனாலும், கிரைண்டரையே விற்க நினைத்தாலும் அவை தேவைப்படும்.